விட்டு விட்டு

உச்சிப்புளி
17.1.86

அன்புள்ள தம்பி குருநாதனுக்கு அக்கா ராமலெட்சுமி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் மச்சானும் ஆடு மாடுகளும் சுகம். என் கைகால் மட்டும் சுகமில்லை. அங்கே நீயும் பூமயிலும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது.

பொங்கலுக்கு முந்தின நாள் ஸ்டேஷனுக்கு வந்து நின்றேன். வண்டி வந்தது, நீ வரவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் என்னைப் பார்த்து, “என்னம்மா, தம்பி இந்த வருசமும் லெட்டர்லதான் வாராரா?” என்று கேட்டார். சிரித்துக்கொண்டு திரும்பினேன். கால் மணி நேர நடை அது. அன்றைக்கு ஒரு மணி நேரம் ஆனது.

விஷயம் இதுதான். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்கியபடியே இருக்கின்றன. வெயில் ஏறிய பிறகுதான் மெல்லத் திறக்கின்றன. துணியை முறுக்கிப் பிழிய முடியாமல் சொட்டச் சொட்டக் கொடியில் போடுகிறேன். தீக்குச்சி கிழிக்க உன் மச்சானைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. முழங்காலும் கணுக்காலும் வீங்கிக் கிடக்கின்றன. மண்டபம் ஆஸ்பத்திரியில் காட்டினேன். ராமநாதபுரத்தில் இரண்டு பேரிடம் காட்டினேன். ஒருவர் வாதம் என்றார், ஒருவர் வயசு என்றார். ஐம்பத்திரண்டு ஒரு வயசா. ஒரு வைத்தியர் தைலம் கொடுத்தார். தடவினால் வீடு முழுக்க மணக்கிறது, வலி அப்படியே இருக்கிறது. பலகை பார்த்தாச்சு தம்பி, ஒன்றும் கேட்கவில்லை.

மெட்ராஸில் இதற்கென்று நல்ல டாக்டர் இருந்தால் விசாரித்து எழுது. எனக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. கடைசிவரைக்கும் என் காலில் நான் நடக்க வேண்டும். யாரும் என்னைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போகிற நிலைமை வரக்கூடாது.

பூமயிலுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

அக்கா
ராமலெட்சுமி


சென்னை
30.1.86

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் சௌக்கியம். சின்னவனுக்குச் சளி, அது எப்போதும் உள்ளதுதான். மச்சானைக் கேட்டதாகச் சொல்லவும்.

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். முதல் தரம் பிழை திருத்த, இரண்டாம் தரம் விஷயம் தெரிய. என்ன செய்வது, பதினெட்டு வருஷமாக அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவன் புத்தி அப்படித்தான் இருக்கும். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் நீ சரியாக இடம் விடுவதில்லை. ‘பலகை பார்த்தாச்சு’ என்று எழுதியிருக்கிறாய். மச்சான் புதுக் கதவு போடப் பலகை பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ‘பல கை பார்த்தாச்சு’ என்று அல்லவா எழுத வேண்டும்.

மத்தியானச் சாப்பாட்டில் இதை அச்சகத்தில் படித்துக் காட்டினேன். எழுத்துக் கோக்கிற வாவு முகம்மதுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அன்றிலிருந்து தினமும், “அக்காவுக்குப் பலகை கெடச்சுச்சா?” என்று கேட்கிறார். சேர்த்து எழுதினால் ஒரு அர்த்தம், பிரித்து எழுதினால் வேறு அர்த்தம், அக்கா. நான் எழுதுவதைப் பார்த்துப் பழகு. என் கையில் பிழை வராது.

மூட்டு வலிக்கென்றே தனியாகப் படித்த டாக்டர்கள் இங்கே இருக்கிறார்கள். விசாரிக்கிறேன். பங்குனியில் நானே வருகிறேன். வந்து உன்னைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து காட்டுகிறேன். அதுவரை தைலத்தைத் தடவிக்கொண்டிரு, வீடாவது மணக்கட்டும்.

உன் தம்பி
குருநாதன்


உச்சிப்புளி
22.3.86

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதியது. நாங்கள் நல்ல சுகம். இந்த முறை என் கைகாலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தைப் பார்த்தாயா. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு விரலை வைத்துப் பார்த்து, அந்த அளவுக்கு இடம் விட்டு எழுதுகிறேன். விரல் நிமிர்கிறது தம்பி, அதனால்தான் வைக்க முடிகிறது. இனிமேல் அந்த முகம்மது அண்ணனுக்குப் புரையேறாது.

ராமநாதபுரத்தில் ஒரு டாக்டரைப் பற்றி சோணைமுத்து அண்ணன் சொன்னார். கமுதியில் நம் தெருவில் இருந்தாரே, அவர்தான். போனேன். அந்த டாக்டர் அதிகம் கேட்கவில்லை, சீட்டும் எழுதவில்லை. சின்ன வெள்ளை மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. மூன்றாம் நாள் நானே எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தேன். உன் மச்சான் படுக்கையில் இருந்தபடியே, “யாரு அது அடுப்படியில?” என்றார். அவருக்கு நான் என்று தோன்றவே இல்லை. அன்றைக்கு உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன், சந்தோஷத்தில்தான்.

மாத்திரையின் பெயரைக் கேட்டேன். “பேரு எதுக்கும்மா, வலி போச்சுல்ல?” என்றார். அது மட்டும் மனதுக்கு ஒரு மாதிரி இருக்கிறது. அதனால் இரண்டு மாத்திரையை இந்தக் கடிதத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன். நல்ல டாக்டர் யாரிடமாவது காட்டிக் கேட்டு எழுது.

பங்குனி பிறந்துவிட்டது. எந்த வண்டி என்று எழுதினால் ஸ்டேஷனுக்கு வருவேன். இப்போது பத்தே நிமிஷத்தில் வந்துவிடுவேன்.

அக்கா


உச்சிப்புளி
19.8.86

அன்புள்ள தம்பிக்கு,

ஐந்து மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. எல்லோரும் சுகமாக இருப்பதால்தான் எழுதவில்லை என்று எடுத்துக்கொண்டேன். பங்குனியில் வரவில்லை, சித்திரையில் பிள்ளைகளுக்கு லீவு, அப்போதும் வரவில்லை. குறையாகச் சொல்லவில்லை. அச்சகத்தில் வேலை அப்படி இருக்கும்.

என்னை இப்போது பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. முகம் இட்லி மாதிரி உப்பியிருக்கிறது. சோணைமுத்து அண்ணன், “என்ன ராமலெட்சுமி, பணக்காரி கணக்கா ஆயிட்டே” என்கிறார். பசி எந்நேரமும் இருக்கிறது. கையில் எங்கேயாவது லேசாக இடித்தாலும் கன்றிப்போகிறது. நடுவில் வலி திரும்பி வந்தது. டாக்டர் இரண்டு மாத்திரையை மூன்றாக்கினார், போய்விட்டது.

நான் அனுப்பிய மாத்திரையைக் காட்டினாயா? மறந்திருந்தால் இப்போது காட்டு. உன் மச்சான் தினமும் கேட்கிறார். ஆனால் ஒன்று சொல்கிறேன் தம்பி, அதைச் சாப்பிடாதே என்று மட்டும் எழுதிவிடாதே. நீ சொன்னால் நான் கேட்டுவிடுவேன். அதுதான் எனக்குப் பயம்.

புரட்டாசியில் இங்கே முளைப்பாரி போடுகிறார்கள். காப்புக் கட்டினால் எட்டு நாள் விரதம், ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. அஞ்சு வருஷமாக நான் எடுக்கவில்லை. இந்தக் கால் இப்படியே இருந்தால் எடுக்கலாமா என்று ஒரு ஆசை.

உன் எழுத்தைப் பார்த்து நாளாயிற்று. நாலு வரி போதும்.

அக்கா


அஞ்சல் அட்டை
சென்னை, 16.9.86

அக்காவுக்கு, இங்கு நலம். மாத்திரையை டாக்டர் காலிதா என்பவரிடம் காட்டினேன். கீழக்கரைப் பக்கத்துக்காரர், மூட்டு நோய்க்கென்றே படித்தவர். அது ஸ்டீராய்டு மருந்து. முகம் உப்புவது அதனால்தான். நாள்பட ஆகாது. இனி மாத்திரையை விட்டுவிட்டுச் சாப்பிடவும். பால், முட்டை, கீரை நிறையச் சேர்த்துக்கொள்ளவும். கார்டில் இடமில்லை, தபால் எடுக்கிற நேரம் ஆயிற்று. மற்றவை விரிவாக அடுத்த கடிதத்தில். மச்சானுக்கு வணக்கம். குருநாதன்.


உச்சிப்புளி
2.10.86

அன்புள்ள தம்பிக்கு,

அட்டை வந்தது. நீ சுகம் என்று தெரிந்து நிம்மதி. எனக்காக அலைந்து டாக்டரம்மாவைப் பார்த்திருக்கிறாய், சந்தோஷம்.

நீ சொன்னபடியே நடந்துகொள்கிறேன். இன்றோடு பன்னிரண்டு நாள். பால் குடிக்கிறேன், முட்டையும் சாப்பிடுகிறேன். விரல் பழையபடி மடங்கிக்கொண்டது. அதனால் இந்தக் கடிதத்தில் இடம் சரியாக விட்டிருக்க மாட்டேன், பொறுத்துக்கொள். வலியைப் பற்றிச் சொல்லவில்லை, அது எனக்குப் பழகினதுதான். எழுந்தால் தலை சுற்றுகிறது. இரண்டு நாளாக எதைச் சாப்பிட்டாலும் குமட்டுகிறது. இப்படித்தான் இருக்குமா, பொறுத்துக்கொள்ள வேண்டுமா? அந்த டாக்டரம்மாவிடம் கேட்டு ஒரு வரி எழுது. உன் மச்சான் ஒன்று சொல்கிறார், நான் ஒன்று சொல்கிறேன். நீ எழுதிவிட்டால் வீட்டில் பேச்சு முடிந்துவிடும்.

விரிவாக எழுதுகிறேன் என்றாயே, தினமும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா


உச்சிப்புளி
25.10.86

மாப்பிள்ளை குருநாதனுக்கு உக்கிரபாண்டி எழுதியது. நான் இருக்கிறேன். உன் அக்காவைச் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

இந்த மாதம் ஏழாம் தேதி காலையில் கிணற்றடியில் மயங்கி விழுந்துவிட்டாள். நான் போய்ப் பார்க்கும்போது பேச்சு இல்லை. ராமநாதபுரம் கொண்டுபோனோம். அங்கே பார்த்துவிட்டு மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். மதுரையில் பதினைந்து நாள் இருந்தோம். மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தியதால் உடம்பு தாங்காமல் விழுந்திருக்கிறாள், இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் ஆள் இருந்திருக்காது என்று சொன்னார்கள். விழுந்ததில் இடுப்பு எலும்பு ஒடிந்துவிட்டது. ஆறு மாதமாகச் சாப்பிட்ட மாத்திரை எலும்பை அரித்திருக்கிறது, கம்பி வைத்தாலும் பிடிக்காது என்றார்கள். அதே மாத்திரையைத்தான் மறுபடி கொடுத்து மெல்ல மெல்லக் குறைக்கிறார்கள். இனி நடப்பது கஷ்டம்.

தந்தி கொடுக்கப் போனேன். ‘அவனுக்கு இது கேலண்டர் அடிக்கிற சமயம், அலைய வைக்காதீர்கள்’ என்று உன் அக்கா தடுத்துவிட்டாள். ஏன் மாத்திரையை நிறுத்தினாள் என்று நீ கேட்பாய். அதை அவளே எழுதுவாளாம். என்னை எழுதக்கூடாது என்று சொல்லியிருக்கிறாள்.

பூமயிலையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

உக்கிரபாண்டி


சென்னை
3.11.86

அக்காவுக்கு,

மச்சான் கடிதம் தீபாவளிக்கு முந்தின நாள் வந்தது. வீட்டில் யாரும் வெடி வைக்கவில்லை. நீ உயிரோடு இருப்பதே பெரிது என்று பூமயில் சொல்கிறாள். எனக்கு அப்படி ஆறுதல் கொள்ள முடியவில்லை. ஆத்திரம்தான் வருகிறது.

உன் இரண்டாம் தேதிக் கடிதத்துக்குப் பதில் எழுத நினைத்து நினைத்து வேலையில் தள்ளிப்போயிற்று. அது என் தப்புத்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாத்திரையை நிறுத்தச் சொல்லி நான் எங்கே எழுதினேன்? எப்படிச் சாப்பிட வேண்டும் என்று தெளிவாகத்தானே எழுதினேன்? டாக்டரம்மா தலையில் அடிக்காத குறையாகச் சொன்னார், “டக்குனு நிறுத்திப்புடக் கூடாது தம்பி, ஆளையே சாச்சுப்புடும்” என்று. என் கார்டை எடுத்து இன்னொரு முறை படித்துப் பார்.

யோசித்துப் பார்த்ததில் எனக்கு விளங்கிவிட்டது. புரட்டாசி, முளைப்பாரி. காப்புக் கட்டியிருப்பாய். காப்புக் கட்டினவள் இங்கிலீஷ் மாத்திரை சாப்பிடக்கூடாது என்று யாரோ சொல்லியிருப்பார்கள், நீயும் தலையை ஆட்டியிருப்பாய். மச்சானை எழுத வேண்டாம் என்று நீ தடுத்தது அதனால்தானே? என் காலில் நான் நடக்க வேண்டும் என்று எனக்கு எழுதினவள் நீ. இப்போது யாருடைய காலில் நடக்கப்போகிறாய்? படித்தவன் ஒருவன் டாக்டரைப் பார்த்து எழுதியதைவிட ஒரு மஞ்சள் கயிறு உனக்குப் பெரிதாகப் போய்விட்டது. உனக்கு எழுத்துப் பிழை திருத்திக் கொடுத்தேன். புத்தியைத் திருத்த முடியவில்லை.

இதற்குமேல் எழுதினால் இன்னும் மோசமாக எழுதுவேன். மதுரையில் கொடுத்த மருந்தையாவது ஒழுங்காகச் சாப்பிடு.

குருநாதன்


உச்சிப்புளி
24.11.86

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதியது. நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

நீ எழுதியது சரிதான். காப்புத்தான் கட்டியிருந்தேன். எட்டு நாள்தானே என்று விட்டேன், அது இப்படி ஆகும் என்று தெரியவில்லை. நீ அட்டையில் தெளிவாகத்தான் எழுதியிருந்தாய். எனக்குத்தான் புத்தி போதவில்லை. அட்டையைத் திரும்பப் படிக்கச் சொன்னாய். அது மழையில் நனைந்து போய்விட்டது.

கட்டிலை ஜன்னல் ஓரமாகப் போட்டிருக்கிறார் உன் மச்சான். காலையிலும் சாயங்காலமும் வண்டி போகிற சத்தம் கேட்கிறது. இப்போது மாத்திரையை நான் எடுப்பதில்லை, அவரே எண்ணி என் வாயில் போடுகிறார். சமையலும் அவர்தான். உப்பு மட்டும் கைக்கு அடங்கவில்லை.

கோபம் தீர்ந்தபிறகு எழுது. எத்தனை நாளானாலும் சரி.

அக்கா


உச்சிப்புளி
9.3.87

மாப்பிள்ளை குருநாதனுக்கு உக்கிரபாண்டி. இங்கே எல்லாம் இருந்தபடி இருக்கிறது. நீங்கள் சுகம் என்று சோணைமுத்து வந்து சொன்னார்.

இன்னொன்றும் சொன்னார். மெட்ராஸில் உன்னைப் பார்த்தாராம். ‘என் அக்கா காப்புக் கட்டிக்கொண்டு மருந்தை விட்டாள், மூட நம்பிக்கையால் இடுப்பை ஒடித்துக்கொண்டாள்’ என்று கல்யாண வீட்டில் நாலு பேருக்கு நடுவில் நீ சொன்னாயாம். இங்கே வந்து அவளிடமே, “ஏன் தாயி இப்புடிச் செஞ்சே?” என்று கேட்டார். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நாலு மாதமாக நீ ஒரு வரி எழுதவில்லை. பொங்கலுக்கு அவள் எழுதியதற்கும் பதில் இல்லை. இதற்குமேல் என்னால் பொறுக்க முடியாது.

அவள் போன வருஷம் காப்பே கட்டவில்லை மாப்பிள்ளை. முளைப்பாரி போடுகிற அன்றைக்குத் தலை சுற்றிப் படுத்துக் கிடந்தாள். வேண்டுமானால் ஊரில் யாரையும் கேட்டுக்கொள்.

உன் அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன். நனையவில்லை. அவள் தலையணை உறைக்குள் இருந்தது. அவளுக்குத் தெரியாமல்தான் எடுத்தேன். நீயே படித்துக்கொள். அது வந்த அன்றைக்கு நானும் படித்தேன். “‘விட்டு விட்டு’ன்னும் இருக்கலாம்ல புள்ள, ஒருநாள் விட்டு ஒருநாளுங்கிறாப்புல. அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம்” என்றேன். அதற்கு அவள், “ஊரு உலகத்துக்கே பிழை திருத்துறவன் அவன். அவன் சேத்து எழுதுனா சேத்துத்தான் அர்த்தம். நீங்க சும்மா இருங்க” என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கே மீதி மாத்திரையைக் குப்பையில் போட்டாள். ஆசையாகப் போடவில்லை, கையில் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் போட்டாள்.

உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. எனக்கும் கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

உக்கிரபாண்டி


சென்னை
14.3.87

அக்கா,

சுகமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

மச்சான் அனுப்பிய கார்டு என் முன்னால் இருக்கிறது. முதலில் படித்தபோது சரியாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று பட்டது. எழுதினவன் நான், அதனால் நான் நினைத்ததுதான் எனக்குத் தெரிந்தது. வாவு முகம்மதிடம் காட்டினேன், யார் எழுதியது என்று சொல்லாமல். “மாத்திரைய நிறுத்திப்புட்டு நல்லாச் சாப்பாடு சாப்பிடச் சொல்லியிருக்கு. பால், முட்டைன்னு போட்டிருக்குல்ல” என்றார். அதன்பிறகுதான் எனக்கும் அப்படித் தெரிந்தது. இப்போது வேறு மாதிரி படிக்கவே முடியவில்லை.

டாக்டரம்மா சொன்னது இதுதான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட வேண்டும். விட்டு விட்டுச் சாப்பிட்டு, ஒரு மாதம் கழித்து அளவைக் குறைக்க வேண்டும். அதற்குள் மதுரைக்குப் போய்க் காட்ட வேண்டும். டக்கென்று நிறுத்தவே கூடாது. இவ்வளவையும் நான் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு கார்டில் எழுதினேன். ‘விட்டு’ என்று எழுதும்போது வரி முடிகிற இடம் வந்துவிட்டது. அடுத்த ‘விட்டு’வை அதிலேயே ஒட்டிவிட்டேன். நிறுத்தக்கூடாது என்ற வரிக்கு இடம் இல்லை என்று விட்டேன், பால் முட்டைக்கு இடம் இருந்தது. இன்னொரு கார்டு வாங்கியிருக்கலாம். அடுத்த கடிதத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த அடுத்த கடிதம் உன்னைத் திட்டுவதற்காக எழுதியதுதான்.

உனக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நீ மார்ச்சில் அனுப்பிய மாத்திரை ஆறு மாதம் என் மேசை டிராயரில் கிடந்தது. மை டப்பாவுக்கும் பென்சிலுக்கும் நடுவில். அப்போதே காட்டியிருந்தால் நீ இவ்வளவு நாள் சாப்பிட்டிருக்க வேண்டியதே இல்லை. உன் ஆகஸ்டு கடிதம் வந்த பிறகும் ஒரு மாதம் கழித்துத்தான் போனேன்.

ஏன் அக்கா நீ சொல்லவில்லை? நான் காப்பு என்று எழுதினேன், நீயும் ஆமாம் என்றாய். எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? அத்தனை பேரிடமும் போய் நான்தான் என்று சொல்ல வேண்டும். சொல்வேன். ஆனால் உன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை. நீ வா என்று எழுதினால் வருகிறேன். எழுதாவிட்டாலும் அது நியாயம்தான்.

குருநாதன்


உச்சிப்புளி
30.3.87

அன்புள்ள தம்பி குருநாதனுக்கு அக்கா ராமலெட்சுமி எழுதிக்கொண்டது. நானும் உன் மச்சானும் சுகம். அவரோடு நான் மூன்று நாள் பேசவில்லை, தலையணைக்குள் கைவிட்டதற்காக. நேற்றுத்தான் பேசினேன். உப்புச் சரியாகப் போட்டிருந்தார்.

இந்தக் கடிதத்தை எழுத ஐந்து நாள் ஆயிற்று. விரல் திறக்கிற நேரம் பார்த்து ஒரு நாளைக்கு நாலைந்து வரி எழுதுகிறேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறாய். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் எனக்கு விளங்கிவிட்டது. டாக்டர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டேன், உன் மச்சான் சொன்னதும் ஞாபகம் வந்தது. அதைச் சொன்னால் நீ தாங்க மாட்டாய். நீயாகவே காப்பு என்று எழுதினாய், அதுவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் அந்தக் கடிதம் எனக்கு ரொம்ப வலித்தது தம்பி. இடுப்பு ஒடிந்த அன்றைக்குக்கூட அவ்வளவு வலிக்கவில்லை. நான் பெரிய மனசுக்காரி என்று நினைத்துக்கொள்ளாதே. பல நாள் உன்மேல் கோபமாகவே படுத்திருந்தேன்.

இன்னொன்று இருக்கிறது. இதை உன் மச்சானிடம்கூடச் சொல்லவில்லை. மாத்திரையை நிறுத்தின நாலாம் நாளே எனக்குச் சந்தேகம் வந்தது. அட்டையை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். சேர்த்தா பிரித்தா என்று உன்னிடம் கேட்டு எழுதலாம் என்று கடிதத்தாளும் எடுத்தேன். கேட்டால் நீ அதை அச்சகத்தில் படித்துக் காட்டுவாய், பலகைக்குச் சிரித்த மாதிரி எல்லோரும் சிரிப்பார்கள் என்று வெட்கமாக இருந்தது. அதனால் தலை சுற்றுகிறது என்று மட்டும் எழுதினேன். அன்றைக்கு வெட்கத்தைப் பார்க்காமல் கேட்டிருந்தால் நான் இன்றைக்கு நடந்துகொண்டிருப்பேன். ஆகவே எல்லாவற்றையும் நீ ஒருவனே தலையில் தூக்கிக்கொள்ளாதே. எனக்கும் பங்கு இருக்கிறது.

இனி நடக்க மாட்டேன் என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். கொஞ்ச நாள் அழுதேன், இப்போதும் சில நாள் அழுகிறேன். மாத்திரை பாதிக்குப் பாதி குறைந்திருக்கிறது. முகம் பழையபடி வற்றிவிட்டது, நீ பார்த்தால் அடையாளம் தெரியும்.

வா தம்பி. எந்த வண்டி என்று எழுது. ஸ்டேஷனுக்கு நான் வர முடியாது, உன் மச்சான் வந்து நிற்பார். ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டால் இந்த முறை லெட்டரில் வரவில்லை என்று சொல். ஜன்னல் ஓரத்தில்தான் படுத்திருப்பேன், வண்டி நிற்கிற சத்தம் எனக்குக் கேட்கும்.

இந்தக் கடிதத்திலும் சொல்லுக்குச் சொல் விரல் வைத்துத்தான் இடம் விட்டிருக்கிறேன். மடங்கிய விரலாக இருந்தாலும் அளவுக்கு அது போதும். கடைசியாக ஒரு சொல்லில் மட்டும் இடம் விடவில்லை. அதில் பிழை இல்லை, உன் மச்சானும் படித்துப் பார்த்துவிட்டார்.

நடந்ததை விட்டுவிடு.

அக்கா
ராமலெட்சுமி